ஸ்கீ டூரிங் போகும் நாளில் மதியத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது?

ஜனவரி மாதம், கனடாவின் ரோஜர்ஸ் பாஸ் கணவாய், மைனஸ் 12 டிகிரி, லேசான காற்று. இந்த நிலைமையில், ஏறி வேர்த்த உடம்போடு நின்று, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு எத்தனை நிமிடம் நிம்மதியாகச் சாப்பிட முடியும்? ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. அதற்குள் விரல் மரத்துவிடும், முதுகில் இருந்த வேர்வை குளிர ஆரம்பித்துவிடும். மதியச் சாப்பாட்டைப் பற்றிய எல்லா முடிவும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கலோரி, புரதம், எடை, ருசி எல்லாம் அதற்கு அப்புறம்தான். வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு திட்டமிடும்போது இதுதான் நினைவுக்கு வராது, ஏனென்றால் அங்கே கை சூடாக இருக்கிறது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக ஒரு வரி: ஸ்கீ டூரிங் என்றால் லிஃப்ட் இல்லாத பனிமலையில், ஸ்கீ என்ற சறுக்குப் பலகையின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கைக் குதிகால் தூக்கும்படி திறந்துவிட்டு மணிக்கணக்கில் நடந்து ஏறுவது, மேலே போய் ஸ்கின்னை உரித்து மடித்து வைத்து, குதிகாலைப் பூட்டி, சறுக்கி இறங்குவது. ஏறுவதிலிருந்து இறங்குவதற்கு மாறும் அந்த இடைவேளையை டிரான்சிஷன் என்பார்கள். நாளின் பெரும்பகுதி ஏற்றம்தான். சறுக்கும் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு மணிக்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே இங்கே சாப்பாடு என்பது மலையேறுபவரின் சாப்பாடு, ரிசார்ட்டில் நடுப்பகலில் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு இல்லை.

ரோஜர்ஸ் பாஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கல்கரிப் பக்கத்தில் இருக்கும் நம்மவர்கள் வார இறுதியில் போய்வரக்கூடிய நல்ல இடம் அது, அப்புறம் சாப்பாட்டுக் கேள்வி அங்கே ரொம்பத் தெளிவாகத் தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிளேஸியர் தேசியப் பூங்காவுக்குள், டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை செல்கர்க் மலைத்தொடரை சுமார் 1,330 மீட்டர் உயரத்தில் கடக்கிற இடம். அங்கே எல்லோரும் அறிந்த ஒரு வழி அசுல்கன் பள்ளத்தாக்கு. கார் நிறுத்துமிடத்திலிருந்து அசுல்கன் குடிலுக்கு, அதாவது ஏறத்தாழ 2,100 மீட்டருக்கு, 850 மீட்டர் ஏற்றம். நிதானமாக ஏறுகிறவர்களுக்கு நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். வழியில் மௌஸ்ட்ராப் என்று ஓர் இடம் வரும். பல பக்கத்துப் பனிச்சரிவுப் பாதைகளும் வந்து கூடும் இடம் அது, பெயரே எலிப்பொறி. அங்கே யாரும் நிற்கக் கூடாது, இடைவெளி விட்டுச் சீக்கிரமாகக் கடந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் ட்ரீ ட்ரையாங்கிள் என்ற மரங்கள் அடர்ந்த முக்கோண மேடு. அதற்கு மேலே போகப்போக மரம் குறைந்து காற்று ஆரம்பித்துவிடும்.

இப்போது இந்த வழியில் மதியச் சாப்பாட்டை எங்கே வைப்பீர்கள்? மௌஸ்ட்ராப்புக்குக் கீழே என்றால் மணி பத்தரைதான் ஆகியிருக்கும். மேலே என்றால் காற்று. இரண்டுக்கும் நடுவில் மரங்களுக்குள் ஒரு நல்ல இடம் கிடைக்கும், ஆனால் அங்கே நின்றால் ஏற்றத்தின் நடுவில் உடம்பு குளிர்ந்து, பிறகு மறுபடி சூடேற்ற வேண்டியிருக்கும். டிசம்பர் கடைசியில் அந்த அட்சரேகையில் பகல் வெளிச்சமே எட்டு மணி நேரம்தான். அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது வெளிச்சத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் அரை மணி. எந்தச் சாப்பாடு நல்லது என்ற கேள்விக்கு முன்னால், பாதுகாப்பாகவும் காற்றுப்படாமலும் நிற்கக்கூடிய இடம் அன்றைய வழியில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்று முந்தின நாள் இரவு வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பனிச்சரிவு அறிக்கையைப் படிக்கும் அதே நேரத்தில் இதையும் பார்த்துவிடலாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடல் எடை, வேகம், முதுகுச் சுமை இவற்றைப் பொறுத்து ஏற்றத்தில் மணிக்குச் சுமார் 400 முதல் 700 கலோரி வரை செலவாகும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி அளவுக்குத்தான் வரும். மீதிக்குக் கொழுப்பு இருக்கிறது, ஆனால் கொழுப்பு மட்டும் எரியும்போது வேகம் இறங்கிவிடும், கால் கனக்கும், எரிச்சல் வரும், முடிவெடுப்பதும் மந்தமாகும். பனிச்சரிவு நடக்கக்கூடிய மலையில் அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. நீண்ட நேரம் உடலை உழைக்கவைக்கும் விளையாட்டுகளில் பொதுவாகச் சொல்வது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. அப்படிப் பார்த்தால் ஆறு மணி நேர நாளுக்கு, காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், கையில் 1,200 முதல் 1,500 கலோரி இருந்தால் போதும். இழந்தது முழுவதையும் மலையிலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை, இராத்திரி சாப்பிட்டுக்கொள்ளலாம்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். நாலு வழி இருக்கிறது: சாண்ட்விச் மாதிரி ஒரு முழுச் சாப்பாடு, ஃப்ளாஸ்க்கில் சூடான சாப்பாடு, அடுப்பு கொண்டுபோய் அங்கேயே சமைப்பது, நின்று சாப்பிடாமல் நாள் முழுக்கச் சட்டைப்பையிலிருந்து கொறிப்பது.

சாண்ட்விச்தான் பெரும்பாலானவர்கள் முதலில் எடுத்துக்கொண்டு போவது. மலிவு, எளிது, பழக்கமான ருசி. அதன் பிரச்சினை ரொட்டியில் இருக்கும் ஈரம். மைனஸ் 5 வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. மைனஸ் 15-இல் முதுகுப்பையின் வெளிப்பக்கத்தில் நான்கு மணி நேரம் இருந்த பேகல் என்ற வளைய ரொட்டி கல்லாகிவிடும். தக்காளி, வெள்ளரி, லெட்டூஸ் எல்லாம் பனிக்கட்டித் துண்டுகளாகிப் பல்லில் கூசும். சாண்ட்விச்தான் வேண்டும் என்றால் காய்கறியை விட்டுவிடுங்கள், இரண்டு பக்கமும் வெண்ணெயோ நிலக்கடலை வெண்ணெயோ தடித்துப் பூசுங்கள், நடுவில் சீஸ் அல்லது ஜாம் வையுங்கள். சர்க்கரையும் உப்பும் உறைநிலையைக் கீழே தள்ளும், கொழுப்பு இறுகினாலும் பனிக்கட்டியாகாது, ஈரம்தான் உறையும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். வைக்கும் இடமும் முக்கியம். முதுகுப்பைக்குள், முதுகை ஒட்டிய பக்கத்தில், மடித்து வைத்திருக்கும் பஃபி என்ற மெத்தை போன்ற தடித்த ஜாக்கெட்டுக்குள் சுற்றி வைத்தால் நாள் முழுக்க மென்மையாகவே இருக்கும். நின்றவுடன் முதலில் எடுப்பது அந்த ஜாக்கெட்டைத்தான் என்பதால் சாப்பாடும் கூடவே கைக்கு வந்துவிடும்.

டார்ட்டியா என்ற மெக்சிகோ சப்பாத்தியில் சுருட்டினால் ரொட்டியைவிடத் தேவலை. மெல்லியது, கொஞ்சம் கொழுப்பு சேர்த்துச் செய்தது, நசுங்காது. ஆனால் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது முந்தின நாள் பீட்சாதான். இரண்டு துண்டுகளைச் சீஸ் பக்கம் உள்ளே வரும்படி ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து, வெண்ணெய்த்தாளில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துவிடலாம். எண்ணெயும் சீஸும் இருப்பதால் லேசில் உறையாது, உப்பு இருக்கிறது, கையுறையோடே பிடித்துக் கடிக்கலாம். 100 கிராமுக்கு ஏறத்தாழ 260 கலோரி. பக்கத்து ஊரான ரெவல்ஸ்டோக்கில் இராத்தங்கிப் போகிறவர்கள் முந்தின இரவு பீட்சா வாங்கும்போது ஒன்று கூடுதலாக வாங்கிவிட்டால் வேலை முடிந்தது.

நம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புளியோதரை, எலுமிச்சை சாதம், இட்லிப் பொடி தடவிய இட்லி எல்லாம் இரயில் பயணத்துக்குப் பிரமாதம், பனிமலைக்கு ஆகாது. சாதம் உறைவதற்கு முன்பே கெட்டுப்போகிறது, அதாவது ருசியில். வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகி அடுக்காகச் சேர்ந்துகொள்ளும், ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் மூன்று நான்கு டிகிரி வெப்பநிலையில்தான் அது மிக வேகமாக நடக்கும். அதனால்தான் ஃப்ரிட்ஜில் வைத்த சாதம் வெளியே வைத்ததைவிட விறைப்பாக இருக்கிறது. மலையில் உங்கள் டப்பா அந்த வெப்பநிலையைக் கடந்துதான் உறைநிலைக்குப் போகும். எவ்வளவு நல்லெண்ணெய் விட்டாலும் பருக்கை விறைத்துவிடும். போதாததற்குச் சாதம் 100 கிராமுக்கு 130 கலோரிதான், மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். சப்பாத்தி பரவாயில்லை, நெய்யும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி வைத்தால் ஜாக்கெட்டுக்குள் நன்றாகத் தாங்கும். குளிரில் நெய் உறைந்து வெள்ளையாகிவிடும், வாயில் போட்டதும் கரைந்துவிடும்.

அடுத்து, சூடான சாப்பாடு. அகல வாய் ஃப்ளாஸ்க்கில் பருப்பு சூப், கஞ்சி, பாஸ்தா. வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஃப்ளாஸ்க்கைச் சூடாக்கிவிட்டு, பிறகு கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் ஐந்தாறு மணி நேரம் கழித்தும் நல்ல சூட்டோடு இருக்கும். மனதுக்கு இதைப் போல இதம் வேறு இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடையைப் பாருங்கள்: 500 மில்லி ஃப்ளாஸ்க் காலியாகவே 350, 400 கிராம் இருக்கும். உள்ளே அரைக் கிலோ சூப். மொத்தம் 900 கிராமுக்கு உங்களுக்குக் கிடைப்பது 300 கலோரி. அதே 300 கலோரியை ஒரு கை வேர்க்கடலை, 55 கிராமில், கொடுத்துவிடும். கூடவே இதைச் சாப்பிட ஸ்பூன் வேண்டும், கையுறையைக் கழற்ற வேண்டும், உட்கார வேண்டும், கால் மணி நேரம் வேண்டும். ஒருவர் மட்டும் சூப் கொண்டுவந்து, மற்றவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்துக் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பது நல்ல காட்சி இல்லை. சூடான சாப்பாடு என்றால் குழுவே சேர்ந்து முடிவெடுத்து, எல்லோரும் கொண்டுவர வேண்டும், அல்லது ஒருவரும் கொண்டுவரக் கூடாது.

சூடு உடம்பைச் சூடாக்குகிறது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை லிட்டர் தேநீர் 60 டிகிரியில் இருக்கிறது, உங்கள் உடம்பு 37. அந்த 23 டிகிரி வித்தியாசத்தில் உடம்புக்குக் கிடைக்கும் வெப்பம் 11.5 கலோரி, சாப்பாட்டுக் கலோரிக் கணக்கில். ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 16 இருக்கிறது! அதாவது தேநீரின் சூட்டைவிட அதில் போட்ட முதல் ஸ்பூன் சர்க்கரை அதிகம் கொடுக்கிறது. அப்படியானால் சூடான பானம் வீண் என்று அர்த்தமில்லை. சூடாக இருந்தால்தான் குளிரில் மனிதன் குடிக்கிறான், குளிர்ந்த தண்ணீரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பான். மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் விரலுக்கு உயிர் வரும். அரை லிட்டரில் 40 கிராம் சர்க்கரையோ வெல்லமோ கரைத்தால் அதுவே 160 கலோரி. ஆகவே சூப் ஃப்ளாஸ்க் வேண்டாம், குறுகிய வாய் ஃப்ளாஸ்க்கில் இஞ்சி தட்டிப்போட்ட இனிப்புத் தேநீரோ எலுமிச்சை வெந்நீரோ அவசியம் வேண்டும் என்பது என் முடிவு. ஸ்பூன் வேண்டாம், உட்கார வேண்டாம், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், நண்பருக்கும் ஒரு வாய் கொடுக்கலாம். கூட ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீர், பாட்டிலில், தலைகீழாக வையுங்கள். மேலே இருப்பதுதான் முதலில் உறையும், மூடி கீழே இருந்தால் அடைக்காது. குழாய் வைத்த தண்ணீர்ப் பையின் குழாய் இந்தக் குளிரில் உறைந்துவிடும், அதை வீட்டில் விட்டுவிடலாம்.

அடுப்பு. காஸ் அடுப்பு, பாத்திரம், சின்ன சிலிண்டர் எல்லாம் சேர்ந்து 600, 700 கிராம். நூடுல்ஸ் செய்துவிடலாம், பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கலாம். ஆனால் சிலிண்டருக்குள் இருப்பதில் சாதா பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரொப்பேன் மட்டும் மைனஸ் 42 வரை. ஆகவே கடுங்குளிரில் சிலிண்டர் பாதி இருக்கும்போதே சுடர் தொய்ந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்காக இதைத் தூக்கிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. யாருக்காவது அடிபட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தால் உதவும் என்பதற்காகக் குழுவில் ஒருவர் எடுத்துவருவது நல்ல யோசனை, அது வேறு கணக்கு.

கடைசி வழி, நாள் முழுக்கக் கொறிப்பது. குளிர்காலத்தின் நடுவில் நான் வாக்களிப்பது இதற்குத்தான், ஆனால் கடையில் நாலு எனர்ஜி பார் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதை நான் சொல்லவில்லை. அந்த பார்களில் பல மைனஸ் 10-இல் பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகிவிடும், குறிப்பாகக் கேரமலும் பேரீச்சம்பழக் கூழும் அடர்த்தியாக இருப்பவை. வீட்டிலேயே கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக வெட்டி, உறையை எடுத்துவிட்டு, பெரிய ஜிப் பையில் கலந்து போடுங்கள். வாயில் அடக்கி வைத்தால் அரை நிமிடத்தில் மென்மையாகும். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் எந்தக் குளிரிலும் மாறாது, ஈரமே இல்லை. பார்மசான், பழைய கௌடா மாதிரிக் கடினமான சீஸை விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்டால் நன்றாக இருக்கும், மென்மையான சீஸ்தான் பொடிந்துபோகும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உலர்ந்த சலாமி, ஆல்ப்ஸ் பக்கத்தில் மலையேறுபவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போகும் லாண்ட்யேகர் மாதிரி. உப்பும் கொழுப்பும் அதிகம், நீர் குறைவு, ஃப்ரிட்ஜ் வேண்டாம். கம்மி மிட்டாய் ரப்பராகும், ஆனால் ஏற்றத்தின் கடைசி அரை மணிக்கு உடனடிச் சர்க்கரை அதுதான். வாழைப்பழமும் வேகவைத்த முட்டையும் வேண்டவே வேண்டாம், முட்டை வெள்ளை உறைந்து உருகினால் வாயில் வைக்க முடியாது.

இந்த வகையில் கடலைமிட்டாய்க்குத் தனி இடம் கொடுப்பேன். ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது. நிலக்கடலையின் கொழுப்பு, வெல்லத்தின் சர்க்கரை, ஈரம் கிட்டத்தட்ட இல்லை, 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டி வரும். முன்பே மொறுமொறுப்பாக உடையும் பதத்தில் காய்ச்சியது என்பதால் குளிரில் அதன் தன்மை மாறுவதில்லை, மைனஸ் 20-லும் வீட்டில் கடிப்பது போலவே கடிபடும். விலை எனர்ஜி பாரின் கால்வாசிகூட வராது. கல்கரி, டொராண்டோ, வான்கூவர் எங்கே இருந்தாலும் இந்திய, இலங்கை மளிகைக் கடைகளில் கிடைக்கும். சின்ன உருண்டையாகப் பிடித்தது சதுர வில்லையைவிட நல்லது, கையுறையோடு எடுக்க வரும்.

சட்டைப்பையில் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க நெஞ்சில் கட்டியிருக்கும் டிரான்ஸீவர், பக்கத்தில் உலோகத் தகடோ மின்னணுக் கருவியோ இருந்தால் தடுமாறும். சாக்லெட்டும் எனர்ஜி பாரும் சுற்றிவரும் அலுமினியத் தாளும் உலோகம்தான். டிரான்ஸீவரிலிருந்து சாதாரண நேரத்தில் 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி வைக்கச் சொல்வது வழக்கம். ஆகவே நெஞ்சுப் பையில் சாக்லெட்டும் வேண்டாம், ஃபோனும் வேண்டாம். தொடைப் பையோ முதுகுப்பையின் இடுப்புப் பட்டையில் இருக்கும் பையோ சரியான இடம். உறையை வீட்டிலேயே உரித்துவிட இன்னொரு காரணமும் ஆயிற்று, மலையில் குப்பையும் பறக்காது.

கொறிப்பதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். குளிரிலும் உழைப்பிலும் பசி தெரியாது. நின்று சாப்பிடும் நேரம் என்று ஒன்று இல்லாவிட்டால் சாப்பிட மறந்தே போகும், மூன்று மணிக்குத் திடீரென்று கால் ஓடாது. அதனால் பசியை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள்: முக்கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய், முன்னே வழி போடுபவர் மாறும்போதெல்லாம் இரண்டு வாய், ஒவ்வொரு டிரான்சிஷனிலும் தேநீரோடு ஒரு கை. டிரான்சிஷனில் வரிசையும் முக்கியம். முதலில் ஜாக்கெட், பிறகு வாயில் ஒரு துண்டு, அப்புறம் ஸ்கின்னை உரிப்பது. கை வேலை செய்யும்போதே வாயும் வேலை செய்யும், தனியாக நேரமே போகாது. இன்னொரு குறை, இனிப்பு திகட்டிவிடும். மதியத்துக்கு மேல் இன்னொரு கம்மி மிட்டாயை நினைத்தாலே குமட்டும். கொண்டுபோவதில் பாதியாவது உப்பாக இருக்கட்டும்: சீஸ், உப்புக்கடலை, மிக்சர், பீட்சாத் துண்டு. மிக்சர் நல்ல யோசனைதான், கையுறை விரலால் பொறுக்க முடியாது என்பதால் பையை வாய்க்கு மேலே கவிழ்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

எந்த நாளுக்கு எது என்று கேட்டால், செல்கர்க்கில் ஜனவரி, பிப்ரவரியில் மைனஸ் 5 முதல் 15 வரை இருக்கும் சாதாரண நாளுக்குக் கொறிப்பதே அடிப்படை, அதோடு ஜாக்கெட்டுக்குள் ஒரே ஒரு பீட்சா மடிப்பு அல்லது நிலக்கடலை வெண்ணெய் சுருள், ஒரு தேநீர் ஃப்ளாஸ்க். ராக்கி மலைப்பக்கம், ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலையில் 2,070 மீட்டர் உயரத்தில் இருக்கும் போ சம்மிட் மாதிரி இடங்களில் குளிர் இன்னும் கடுமை, மைனஸ் 25 என்பது அங்கே ஆச்சரியமான செய்தி இல்லை. அப்படிப்பட்ட நாளில் சாண்ட்விச்சை மறந்துவிடுங்கள், கொட்டை, கடலைமிட்டாய், வெட்டிய சாக்லெட், தேநீர், அவ்வளவுதான், தேநீரை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். முதன்முறையாக வருகிற நண்பரையோ பதின்ம வயதுப் பிள்ளையையோ அழைத்துப் போகும் நாள் வேறு மாதிரி. அன்று தூரத்தைக் குறைத்து, மரங்களுக்குள் சமமான இடத்தில் பனியைத் தோண்டி ஒரு பெஞ்சு அமைத்து, எல்லோருக்கும் சூப் ஃப்ளாஸ்க் கொண்டுபோவது சரி. அன்றைய நோக்கம் உச்சி இல்லை, அவர்கள் திரும்ப வர ஆசைப்படுவதுதான்.

ஏப்ரல் வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். வெயில் அடிக்கும், கையுறை தேவைப்படாது, பாறை மேல் உட்கார்ந்து காலை நீட்டி சாண்ட்விச் சாப்பிடலாம், தக்காளி வெள்ளரியோடே. நார்வேக்காரர்கள் ஈஸ்டர் விடுமுறையில் ஸ்கீயோடு மலைக்குப் போகும்போது ஆரஞ்சுப் பழமும் க்விக் லுன்ஷ் சாக்லெட்டும் எடுத்துப்போவது நாட்டு வழக்கமே ஆகிவிட்டது. 1937 முதல் விற்கும் அந்தச் சாக்லெட்டின் உறைக்குள்ளே மலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளை அச்சிட்டுத் தருகிறார்கள். வசந்த வெயிலில் ஆரஞ்சுக்கு ஈடு கிடையாது, அதையே ஜனவரியில் கொண்டுபோனால் உறைந்த பந்துதான் கிடைக்கும். ஆனால் ஏப்ரலில் வேறு நெருக்கடி: வெயில் ஏற ஏறப் பனி இளகி ஈரப் பனிச்சரிவு ஆரம்பித்துவிடும், பதினோரு மணிக்கெல்லாம் இறங்கிவிட வேண்டியிருக்கலாம். ஆகவே விடியற்காலையில் ஏறும்போது கொறித்துவிட்டு, கீழே பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிடுங்கள். உச்சியில் விரித்து வைத்து உட்கார்ந்து நேரம் போக்க வேண்டாம்.

அண்டங்காக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே இருக்கும் ரேவன்கள் முதுகுப்பையின் ஜிப்பை இழுத்துத் திறக்கக் கற்றவை. பையை வைத்துவிட்டு நூறு மீட்டர் போய் வரலாம் என்று நினைத்தால் சாப்பாடு இருக்காது. பூங்காவில் விலங்குக்கோ பறவைக்கோ உணவு கொடுப்பது சட்டப்படியே குற்றம்.

எது எடுத்தாலும் இதற்கெல்லாம் வெளியே தனியாக ஒரு சின்னப் பை, 400, 500 கலோரி, பையின் அடியில், முதலுதவிப் பெட்டியோடு இருக்கட்டும். அதைப் பசிக்காகத் தொடக் கூடாது. பைண்டிங் உடைந்தால், ஒருவர் முழங்கால் திருகிக்கொண்டால், இருட்டிவிட்டால் அதற்குத்தான். கடலைமிட்டாயும் முந்திரியும் இதற்குப் பொருத்தம், சீசன் முழுக்கக் கெடாது.

காரிலும் சாப்பாடு வையுங்கள், நிறையவே வையுங்கள். ரோஜர்ஸ் பாஸ் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பனிச்சரிவுப் பாதைகள்தான். பனி அதிகமாகக் கொட்டும்போது சாலையை மூடிவிட்டு, ராணுவத்தினர் பீரங்கியால் சுட்டுப் பனியை விழவைத்து, இயந்திரங்கள் வழியைச் சுத்தம் செய்த பிறகுதான் திறப்பார்கள். சில சமயம் ஒரு மணி நேரம், சில சமயம் இரவு முழுக்க. களைத்துப்போய்க் காருக்கு வந்த பிறகு அந்த வரிசையில் மாட்டிக்கொண்டால் எனர்ஜி பாரைப் பார்க்கவே பிடிக்காது. அந்தப் புளியோதரையை, முன்பே சூடாக்கிய அகல வாய் ஃப்ளாஸ்க்கில் அடைத்து, போர்வையில் சுற்றிக் காலையிலேயே காரில் வைத்துவிட்டுப் போங்கள். எட்டு மணி நேரம் கழித்து வந்தாலும் பருக்கை விறைக்காமல் இருக்கும்.